தூசி தின்ற நுரையீரலும் தேயும் தசையும்

(பெங்களூருவில், தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் மருத்துவத் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

அரசியல் வகுப்பில் தசையைப் பற்றி ஒருவர் பேச வந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் இந்த அரங்கில் அமர்ந்திருப்போரில் கணிசமானவர்கள் கோலார் தங்கவயல் தொழிலாளர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருப்பேட்டையிலிருந்தும் அன்றாடம் ரயிலேறி இந்நகருக்கு உழைக்க வருவோரும் இங்கு இருக்கிறீர்கள். ஜிகணியின் கிரானைட் பட்டறைகளிலும், கட்டுமானத் தளங்களிலும், தெருக்கூட்டும் பணியிலும் இருப்போரும் உண்டு. இருமலும் இழுப்புமாக ஒரு முதியவர் கட்டிலோடு கிடக்கும் வீட்டை அறியாதவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. ஆகவே இது நம் வீட்டுச் செய்தி. நம் வர்க்கத்தின் செய்தி.

நாள்பட்ட நுரையீரல் நோயால் அவதிப்படும் ஒருவர் இன்னும் எத்தனை ஆண்டுகள் உயிர் வாழ்வார் என்பதை அவரது நுரையீரல் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவரது தொடைத் தசையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. நுரையீரலில் படிந்த தழும்பை இன்றைய மருத்துவத்தால் அகற்ற இயலாது. தேய்ந்த தசையை ஓரளவு மீட்க இயலும். மீட்கக்கூடிய ஒன்றை மீட்காமல் விட்டு மனிதர்கள் சாகிறார்கள் என்றால், அந்தச் சாவுக்குப் பொறுப்பு யாருக்கு என்று கேட்பது அரசியல் கேள்விதான்.

தங்கவயல் தந்த கணக்கு

1880-களில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் நிர்வாகத்தில் தங்கவயல் சுரங்கங்கள் இயங்கத் தொடங்கின. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நிலமற்ற தலித் மக்கள் திரளாக அங்கே கொண்டுவரப்பட்டனர். அவர்கள் துளையிட்டது குவார்ட்ஸ் பாறையை. தங்கம் ஓடியது அந்தப் பாறையில்தான். உயிர்க்கொல்லியான சிலிக்காவும் அதே பாறையில்தான் இருந்தது. துளைக்கருவியின் முனையிலிருந்து கிளம்பும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களே கொடியவை. அவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று தங்குகின்றன. அவற்றை விழுங்கி அழிக்க வரும் வெள்ளணுக்கள் தாமே மடிகின்றன. அந்த இடத்தில் தழும்பு உருவாகிறது. தழும்புகள் பெருகப் பெருக நுரையீரல் இறுகுகிறது. இதுவே சிலிகோசிஸ்.

1940-களில் சுரங்கத்தின் மருத்துவர் கேப்லன் தலைமையில் ஏழாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டோரின் நுரையீரலில் சிலிகோசிஸ் காணப்பட்டது. இந்தியாவில் இந்நோய் குறித்து நடந்த முதல் பெரிய ஆய்வு அதுவே. மைசூர் சமஸ்தானம் 1940-இல்தான் சிலிகோசிஸ் விதிகளைக் கொண்டுவந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்கோ இதே நோய்க்கான இழப்பீட்டுச் சட்டம் 1911-லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டத்திலும் நிறபேதம் இருந்தது என்பது வேறு செய்தி. ஆனால் தூசி கொல்லும் என்பது முதலாளிகளுக்குத் தெரியாமல் இருந்தது என்று எவரும் சொல்ல முடியாது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், தெரிந்தே நம் மக்களை அந்தத் தூசிக்குள் இறக்கினார்கள்.

தங்கவயல் தொழிலாளி இதைத் தலைவிதி என்று ஏற்றுக்கொண்டவர் அல்லர். 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார். கே.எஸ். வாசன், வி.எம். கோவிந்தன் போன்ற கம்யூனிஸ்டுத் தலைவர்களின் வழிகாட்டலில் சங்கம் கட்டினார். 1946 நவம்பர் 4 அன்று போலீசின் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிர் நீத்தனர். அந்தத் தியாகிகளை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். தூசியால் மெல்ல மெல்லச் செத்தவர்களுக்கு நினைவு நாள் இல்லை. அவர்கள் ஆறு பேர் அல்லர், ஆயிரக்கணக்கானோர்.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. சுரங்கத்தோடு மருத்துவமனையும் போயிற்று. சிலிகோசிஸ் நோயோ சுரங்கத்தோடு மூடப்படுவது அன்று. தூசியிலிருந்து விலகி ஆண்டுகள் பல கடந்த பின்னும் அது வளரும். பலருக்கு வேலையை விட்ட பிறகுதான் வெளிப்படும். நோய் தெரியவரும்போது முதலாளியும் இல்லை, மருத்துவமனையும் இல்லை.

நுரையீரல் நோய் காலுக்கு வருவது எப்படி

இனி உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். சிலிகோசிஸ் நோயாளிக்கும் சரி, புகையாலும் தூசியாலும் மூச்சுக்குழல் சுருங்கிப்போன நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்கும் சரி, பாதை ஏறக்குறைய ஒன்றே. மருத்துவமனைச் சீட்டுகளில் சிஓபிடி என்று எழுதுகிறார்களே, அதுதான் இந்த அடைப்பு நோய்.

முதலில், நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஆகவே நடை குறைகிறது. மாடிப்படி ஏறுவது நிற்கிறது. கடைக்குப் போவது நிற்கிறது. பிறகு வாசலுக்கு வருவதும் நிற்கிறது. பயன்படாத தசை சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும். உடலிலேயே பெரிய தசைகளான தொடைத் தசைகள் முதலில் மெலிகின்றன. அவற்றில் நீண்ட நேரம் சளைக்காமல் உழைக்கும் இழைகள் குறைந்து, விரைவில் களைத்துப்போகும் இழைகளின் பங்கு கூடுகிறது. இத்தகைய தசை சிறிது உழைத்தாலே அமிலத்தை உற்பத்தி செய்கிறது. அந்த அமிலத்தை வெளியேற்ற நுரையீரல் மேலும் வேகமாக மூச்சு விட வேண்டியிருக்கிறது. ஆக, தசை மெலிந்ததால் மூச்சு இன்னும் வாங்குகிறது. மூச்சு வாங்குவதால் நடை இன்னும் குறைகிறது. நடை குறைவதால் தசை இன்னும் மெலிகிறது. நுரையீரலில் தொடங்கிய நோய் காலுக்கு வந்து, காலிலிருந்து மீண்டும் நுரையீரலுக்கே பாரமாகத் திரும்புகிறது.

இத்துடன் வேறு சில காரணங்களும் சேர்கின்றன. ஆரோக்கியமான மனிதர் மூச்சு விடுவதற்குச் செலவிடும் சக்தி மிகக் குறைவு. இந்நோயாளிக்கோ ஒவ்வொரு மூச்சும் ஒரு வேலை. உட்கார்ந்திருக்கும்போதே அவரது உடல் கூடுதல் சக்தியை எரிக்கிறது. உண்டால் வயிறு நிரம்பி மூச்சு முட்டுவதால் உணவும் குறைகிறது. நுரையீரலின் அழற்சி இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவித் தசையைச் சிதைக்கிறது. நோய் முற்றி மருத்துவமனையில் படுக்கும் ஒவ்வொரு முறையும் சில நாட்களிலேயே தசை சட்டென்று குறைகிறது. திணறலை அடக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரை உயிர் காப்பதுதான். ஆயினும் மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவும் தசையைத் தின்னும்.

இங்கே வர்க்கம் எங்கே வருகிறது என்று கேட்டால், எல்லா இடத்திலும் வருகிறது. அதே அளவு நுரையீரல் சேதம் அடைந்த இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு ஓய்வூதியமும் புரதம் நிறைந்த உணவும் இயன்முறை மருத்துவரும் உண்டு. மற்றவருக்கு நியாயவிலை அரிசிக் கஞ்சி. மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. எக்ஸ்ரே இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஆயுள் ஒன்றாக இராது.

ஆய்வுகள் கூறுவது என்ன

இது ஒரு மருத்துவரின் ஊகம் அன்று. கனடாவின் கியூபெக்கில் 142 நோயாளிகளின் தொடையின் நடுப்பகுதியை சி.டி. ஸ்கேன் மூலம் அளந்து, அவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு 2002-இல் வெளியானது. தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு 70 சதுர சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தவர்களிடையே, குறிப்பாக நுரையீரல் செயல்திறனும் பாதிக்குக் கீழே போனவர்களிடையே, இறப்பு பல மடங்கு அதிகம். உடல் எடையைவிடத் தசையின் அளவே ஆயுளைச் சரியாக முன்னுணர்த்தியது. 2007-இல் லண்டனில் வெளியான ஆய்வு தசையின் பருமனுக்குப் பதிலாக அதன் வலுவை அளந்தது. அங்கும் தொடைத் தசை வலுக் குறைந்தவர்களே முன்னதாக இறந்தார்கள்.

2004-இல் அமெரிக்கா, ஸ்பெயின், வெனிசுலா நாடுகளின் மருத்துவர்கள் இந்நோயாளிகளின் ஆயுளைக் கணிக்க ஓர் அளவுகோலை உருவாக்கினர். அதில் நான்கு கூறுகள்: உயரத்துக்கு ஏற்ற எடை, மூச்சடைப்பின் அளவு, மூச்சுத்திணறலின் கடுமை, ஆறு நிமிடத்தில் நடக்க முடிகிற தூரம். நான்கில் ஒன்று மட்டுமே நேரடியான நுரையீரல் அளவு என்பதைக் கவனியுங்கள். நுரையீரலை மட்டும் ஊதவைத்துக் கணித்ததைவிட இந்த நான்கும் சேர்ந்த அளவுகோல் இறப்பைத் துல்லியமாகக் கணித்தது.

தசையை மீட்டால் ஆயுள் கூடுமா என்பது அடுத்த கேள்வி. இங்கு நாம் நிதானமாகப் பேச வேண்டும். நெதர்லாந்தில் 1998-இல் வெளியான ஆய்வில், சத்துணவும் பயிற்சியும் பெற்று எட்டு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடியவர்கள் பின்னர் கூடுதல் காலம் உயிர் வாழ்ந்தனர். அமெரிக்காவில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 1,97,376 முதியோரின் பதிவுகளை ஆராய்ந்த அறிக்கை 2020-இல் வந்தது. மூன்று மாதத்துக்குள் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 7.3 விழுக்காடு, தொடங்காதவர்களில் 19.6 விழுக்காடு. பயிற்சிக்கு வந்தவர்கள் ஏற்கெனவே சற்றுத் தெம்பாக இருந்திருக்கலாம். ஆகவே முழு வேறுபாடும் பயிற்சியால் வந்தது என்று கூற முடியாது. ஆய்வாளர்கள் அதையெல்லாம் கணக்கில் கொண்டு திருத்திய பின்னரும் வேறுபாடு நீடித்தது. பயிற்சி மூச்சுத்திணறலைக் குறைத்து நடைதூரத்தைக் கூட்டுகிறது என்பதிலோ ஐயத்துக்கு இடமே இல்லை; அறுபதுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்து நிறுவப்பட்ட உண்மை அது.

அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் உண்டு. அந்த இரண்டு இலட்சம் பேரில் மூன்று மாதத்துக்குள் பயிற்சி கிடைத்தது 1.5 விழுக்காட்டினருக்கு மட்டுமே. உலகிலேயே மருத்துவத்துக்கு அதிகம் செலவிடும் நாட்டின் நிலை இது. பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை, காப்புரிமை பெற்ற மருந்து தேவையில்லை. இலாபம் தராத சிகிச்சையைச் சந்தை தேடிப் போவதில்லை.

ஜார்க்கண்டில் ஒரு பாடம்

நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வை நீங்கள் அவசியம் அறிய வேண்டும். அது காசநோய் பற்றியது. ஆயினும் சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் குடியேறும் என்பதால் நம் பொருளுக்கு மிக நெருங்கியது. மங்களூருவின் ஏனபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரும், சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சேர்ந்து ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடத்தினர். முடிவுகள் 2023-இல் வெளிவந்தன.

2,800 நோயாளிகளுக்கு மருந்துடன் மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய் கொண்ட உணவுத் தொகுப்பு தரப்பட்டது. அவர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் எடை குன்றியவர்கள். முதல் இரண்டு மாதத்தில் உடல் எடையில் 5 விழுக்காடு கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைந்திருந்தது. நாற்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு 5 விழுக்காடு என்பது இரண்டு கிலோ. அந்த இரண்டு கிலோதான் வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரம். அதே வீடுகளில் வாழ்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தினரில், கூடுதல் உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது.

ஒன்றிய அரசு காசநோயாளியின் சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய் ஆயிற்று. போதுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். உணவும் மருந்தே என்ற கொள்கையை அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. காசநோயாளிக்குப் பொருந்தும் அந்தக் கொள்கை, தசை கரைந்து கிடக்கும் சிலிகோசிஸ் நோயாளிக்கும் அடைப்பு நோயாளிக்கும் ஏன் பொருந்தாது? இந்தக் கேள்வியை நாம்தான் எழுப்ப வேண்டும்.

இவர்கள் எண்ணிக்கையில் சிறு கூட்டம் அல்லர். 2016 கணக்கின்படி இந்தியாவில் அடைப்பு நோயாளிகள் மட்டும் 5.5 கோடி, 1990-இல் 2.8 கோடியாக இருந்தது இவ்வாறு பெருகிற்று. இந்நோய்ச் சுமைக்கான காரணங்களில் காற்று மாசின் பங்கு 53.7 விழுக்காடு, புகையிலை 25.4, தொழிலிடத் தூசியும் புகையும் 16.5. புகைபிடித்ததால் வந்தது என்று நோயாளியின் தலையிலேயே பழியைப் போடும் வழக்கம் மருத்துவமனைகளில் இருக்கிறது. பீடியை விடவேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பீடியே தொடாமல் விறகடுப்பின் முன் நாற்பது ஆண்டுகள் அமர்ந்த பெண்களுக்கும், விடியற்காலையில் தெருத்தூசியைக் கூட்டும் பௌரகார்மிகர்களுக்கும் இந்நோய் வருகிறதே, அதற்கு யாரைப் பழிப்பது?

வீட்டில் செய்யக்கூடியது

தோழர்களே, கோரிக்கைகளுக்கு வருமுன், இன்றே நம் வீடுகளில் மாற்ற வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூச்சு வாங்குபவரை அசையவிடாமல் படுக்கையில் வைப்பதே பாசம் என்று நாம் நம்பி வந்திருக்கிறோம். தண்ணீர்ச் செம்பைக்கூட எடுத்துக் கையில் கொடுக்கிறோம். அந்தப் பாசம் அவரது கால்களைப் பறிக்கிறது.

முதலில் அளந்து பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில், கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை வலுக் குன்றியிருக்கக்கூடும். தையற்காரர் நாடாவால் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளந்து பாருங்கள். ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவை ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019-இல் வகுத்த அளவுகள். நோயைத் தேடிக் கண்டறியும் முதற்படி மட்டுமே.

பயிற்சி எளியது. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துதல், தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குதல், தெருவில் நடத்தல். வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும். மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். பயன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மூச்சு வாங்கும், வாங்கத்தான் வேண்டும். சிறு வாக்கியம் பேச முடிகிற அளவில் இருந்தால் அச்சமில்லை. பேச்சே வராவிட்டால் நின்று, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி, ஓய்ந்து, பிறகு தொடரலாம். நெஞ்சு வலி, கால் வீக்கம், இருமலில் இரத்தம், உட்கார்ந்திருக்கும்போதே திணறல், நீலம் பாரித்த உதடு இவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. இன்ஹேலரை நிறுத்தவும் கூடாது. நடக்குமுன் மருத்துவர் சொன்னபடி எடுத்துக்கொள்வது உதவும்.

உணவில் புரதமே முக்கியம். இத்தகைய நோயாளிக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவை; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். ஐம்பது கிலோ எடைக்கு 60 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், கால் லிட்டர் பாலில் 8, நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 25. கஞ்சியை மட்டும் குடித்து இந்தக் கணக்கை எட்ட முடியாது. ஒரே வேளையில் வயிறு முட்ட உண்ணாமல் சிறு அளவில் ஐந்தாறு முறை உண்டால் மூச்சு முட்டாது.

இவற்றையெல்லாம் தனிமனித ஒழுக்கமாகச் சொல்லிவிட்டுப் போனால் நான் முதலாளிகளுக்குத்தான் துணைபோனவன் ஆவேன். பதினான்கு மணி நேரத்தை வேலையிலும் பயணத்திலும் கழிப்பவருக்கு நடைப்பயிற்சிக்கு நேரம் ஏது? முட்டைக்குப் பணம் ஏது? ஆயினும் சமூகம் மாறும் வரை தசை காத்திருக்காது. இரண்டையும் ஒருங்கே செய்ய வேண்டும்.

சட்டமும் இழப்பீடும்

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிகோசிஸ் இடம் பெற்றிருந்தது. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் இதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகக் கொண்டிருந்தன. ஏட்டில் இருந்ததை நடைமுறையில் பெறுவது வேறு. ஒப்பந்தக்காரர் சம்பளச் சீட்டுத் தருவதில்லை. எந்தப் பட்டறையின் தூசி எந்த நுரையீரலில் படிந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளி தலையில் விழுகிறது. மருத்துவமனையோ காசநோய் என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறது. காசநோய்க்கு இழப்பீடு கேட்க முதலாளி இல்லையல்லவா?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின்படி, மின்விசை கொண்டு இயங்கும் கூடம் தொழிற்சாலை எனக் கருதப்பட 10 தொழிலாளர் போதும் என்றிருந்தது 20 ஆக்கப்பட்டது. மின்விசை இல்லாத இடங்களுக்கு 20 என்பது 40 ஆயிற்று. கல் அறுக்கும், மெருகேற்றும் பட்டறைகளில் பெரும்பாலானவை சிறியவை. தூசி மிகுந்த இடமே சட்டத்தின் பார்வையிலிருந்து விலகுகிறது. 40 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனை என்று அரசு விளம்பரம் செய்கிறது. அந்தப் பரிசோதனையில் மூச்சளவும் நடைத்திறனும் கால் வலுவும் சேர்க்கப்படுமா, அல்லது எடையும் இரத்த அழுத்தமும் பார்த்துக் கையெழுத்திட்டு முடிப்பார்களா?

போராடினால் கிடைக்கும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. ராஜஸ்தான் மாநிலம் 2019-இல் தூசிசார் நுரையீரல் நோய்களுக்கான கொள்கையை வகுத்தது. நோய் உறுதியானவருக்கு 3 இலட்சம் ரூபாயும், இறந்தால் குடும்பத்துக்கு 2 இலட்சமும் தருவதாக அறிவித்தது. கல் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்களது அமைப்புகளும் பல்லாண்டு வாதாடிப் பெற்றது அது. தென்னாப்பிரிக்காவில் தங்கச் சுரங்க நிறுவனங்கள் ஏறத்தாழ 500 கோடி ரேண்டு வழங்க ஒப்புக்கொண்ட உடன்பாட்டை 2019-இல் நீதிமன்றம் ஏற்றது. 1965-க்குப் பின் சுரங்கத்தில் இறங்கியவர்கள் வரை அதில் அடங்குவர். மூடப்பட்ட சுரங்கமானாலும் பொறுப்பு மூடப்படுவதில்லை என்பதே அந்த உடன்பாடு தரும் பாடம்.

தங்கவயலில் ஆபத்து இன்னும் முடியவில்லை. சயனைடு மேடுகள் என்று மக்கள் அழைக்கும் 13 கழிவு மேடுகளில் 3.3 கோடி டன் மணல் குவிந்து கிடக்கிறது. கோடைக் காற்றில் அது வீடுகளுக்குள் வந்து படிகிறது. அந்த மேடுகளிலிருந்து எஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. வேலை வரும் என்பதால் மக்கள் வரவேற்பது இயல்பு. நாமும் வேலையை எதிர்ப்பவர்கள் அல்லர். ஆனால் அந்த மணலை வெட்டி அள்ளும்போது கிளம்பும் தூசிக்கு யார் பொறுப்பு என்பது முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்பே தீர்மானிக்கப்பட வேண்டும். தாத்தாவைக் கொன்ற பாறையின் பொடி பேரனையும் கொல்ல நாம் அனுமதிக்கலாகாது.

நம் முன்னுள்ள பணிகள்

அமைப்பு வழியில் நாம் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

ஒன்று, தூசியை அதன் பிறப்பிடத்திலேயே தடுப்பது. கல் அறுக்கும், துளையிடும் ஒவ்வோர் இடத்திலும் தண்ணீர் தெளித்தபடி வேலை நடக்கவேண்டும். தூசி உறிஞ்சும் கருவி இருக்க வேண்டும். முகத்தில் கட்டும் துணி பாதுகாப்பு ஆகாது. நுண்துகள்கள் அதைக் கடந்து செல்லும். சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் கூலிக்கு அடுத்த இடத்தில் இது நிற்க வேண்டும்.

இரண்டு, கணக்கெடுப்பு. தங்கவயலின் லைன் வீடுகளிலும் பெங்களூருவின் உழைப்பாளர் குடியிருப்புகளிலும், தூசித் தொழிலில் இருந்தவர் யார், எத்தனை ஆண்டு, இப்போது எவ்வளவு தூரம் நடக்கிறார் என்ற விவரங்களைக் கிளைத் தோழர்கள் வீடு வீடாகச் சேகரிக்கலாம். ஒரு நாடாவும் ஒரு நாற்காலியும் ஒரு கைக்கடிகாரமும் போதும். தொழில் வரலாற்றை எழுதி, உடன் உழைத்த இருவரின் சாட்சியையும் இன்றே பெற்று வையுங்கள். நாளை இழப்பீட்டு வழக்கில் சம்பளச் சீட்டு இல்லாத குறையை அது ஓரளவேனும் நிரப்பும்.

மூன்று, மறுவாழ்வுப் பயிற்சியை அரசு மருத்துவத்தின் பகுதியாக்கக் கோருவது. தமிழ்நாட்டில் 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். அதில் உழைக்கும் பெண்களுக்கு உரிய ஊதியம் வேண்டும் என்ற நம் கோரிக்கை நிற்கிறது. ஆனாலும் வழி சரியானது. கர்நாடகத்தில் 'கிருஹ ஆரோக்கிய' திட்டம் 2024-இல் கோலார் மாவட்டத்தில்தான் தொடங்கியது. நுரையீரல் நோயாளிக்கான கால் பயிற்சியும் அத்திட்டத்தின் கீழ் தங்கவயலின் ஒவ்வொரு வீட்டுக்கும் வரவேண்டும் என்று கேட்போம்.

நான்கு, உணவு. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடையில் பருப்பும் எண்ணெயும் கிடைக்கின்றன. எல்லா மாநிலங்களிலும் அரிசியோடு பருப்பு வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்குக் காசநோயாளிக்கு நிகரான சத்துணவு உதவி வேண்டும்.

ஐந்து, இழப்பீட்டை அளக்கும் முறை. எக்ஸ்ரேயில் எத்தனை புள்ளி என்று எண்ணி ஒருவரின் இழப்பை முடிவு செய்வது போதாது. அவரால் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எழுந்து நிற்க முடிகிறதா, சுமை தூக்க முடிகிறதா என்பதும் கணக்கில் வரவேண்டும். உழைப்பாளியிடமிருந்து முதலாளி வாங்கியது அவரது உழைப்புச் சக்தியை. அந்தச் சக்தி குடியிருந்தது தசையில். தசை போயிற்று என்றால் எது களவு போயிற்று என்பது விளங்கும்.

தோழர்களே, வேலை நேரத்தைக் குறைக்கவும் கூலியை உயர்த்தவும் நாம் நடத்தும் ஒவ்வொரு போராட்டமும் உடலைக் காக்கும் போராட்டமே. அதில் இனி இந்தப் பகுதியையும் சேர்த்துக்கொள்வோம். இவ்வாரம் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் மூச்சுத்திணறலால் வெளியே வராமல் முடங்கிப்போன ஒரு தோழரையாவது சென்று பாருங்கள். உடல்நலம் விசாரித்துவிட்டு மட்டும் திரும்பாதீர்கள். அவர் கையைப் பிடித்து எழுப்பித் தெருமுனை வரை நடத்தி அழைத்து வாருங்கள். அடுத்த வாரமும் செல்லுங்கள். எட்டு வாரம் கழித்து அவர் நம் கூட்டத்துக்கு நடந்தே வரக்கூடும்.